பகல் மெட்டு, ஒன்று முதல் ஒன்றரை வரை

ஜூன் 12, திங்கள்

சென்னையிலிருந்து சுற்றறிக்கை. ஒரு பக்கம். மூன்று பத்தி.

சாரம் இது: உள்ளூர் இசை நிகழ்ச்சிகளை யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கப் போகிறார்கள். வாரத்துக்கு நூறு கடிதம் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசிக்காத கடிதம் கணக்கில் வராது. எட்டு வாரம் பார்ப்பார்கள். குறைந்தால் அந்த நேரத்துக்குச் சென்னை நிகழ்ச்சி வரும். சென்னை நிகழ்ச்சி என்றால் பேச்சு.

எங்கள் நிலையத்தில் இசை என்று மிஞ்சியிருப்பது 'பகல் மெட்டு' ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் ஒன்று முதல் ஒன்றரை. நான் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்த இரண்டு வருடத்துக்கு முன் நாளுக்கு நான்கு மணி நேரம் பாட்டு இருந்தது. முதலில் காலைப் பாட்டு போனது. பிறகு மாலை வாத்திய இசை. பிறகு ஞாயிறு. ஒவ்வொன்றும் போனபோது ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாவற்றிலும் 'மேம்படுத்தல்' என்ற சொல் இருந்தது.

மீடியம் வேவ் ரேடியோவை இப்போது யார் கேட்கிறார்கள் என்று என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நான் பதில் சொல்வதில்லை.

போன வாரம் வந்த கடிதங்கள் முப்பத்தொன்று.

கவலை இல்லை. முப்பத்தொன்றை நூறாக்கலாம்.

ஜூன் 13, செவ்வாய்

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். நூலகப் புத்தகம் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரவுச் சாப்பாடு. அப்பா என் எதிரே உட்கார்ந்து அம்மாவிடம், "அவளுக்கு மோரு வேணுமான்னு கேளு" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவிடம், "வேண்டாம்னு சொல்லு" என்றேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, டெலிபோன் கம்பமா?" என்றாள் அம்மா.

ஏப்ரலில் ஆசிரியர் தேர்வு எழுதவில்லை என்று சொன்னதிலிருந்து இப்படி. எனக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

ஜூன் 16, வெள்ளி

மூன்று தபால் நிலையங்களில் கார்டு வாங்கினேன். ஒரே இடத்தில் வாங்கினால் கேள்வி வரும்.

முறை: நாலு நிறப் பேனா. இடது கையால் சில, வலது கையால் சில. எழுத்துப் பிழை விட வேண்டும், ஆனால் எல்லாரும் ஒரே பிழையை விடக் கூடாது. கட்டளையிடுவது போல எழுதுபவர் ஆசிரியராக இருப்பார். 'அன்புள்ள' என்று தொடங்காதவர் லாரி ஓட்டுவார். ஊருக்கு வெளியே போகும் நாட்களில் வெவ்வேறு பெட்டிகளில் போட வேண்டும்.

ஒரு நாளைக்குப் பதினான்கு கார்டு. முதல் நாள் மூன்று மணி நேரம் ஆனது. இனி ஒன்றரையில் முடிப்பேன்.

இதில் எனக்கு உறுத்தல் இல்லை. அவர்கள் கேட்டது கடிதம். கடிதம் கொடுக்கிறேன். கல்லூரியில் என் ஆய்வேட்டில் நூற்றைம்பது பக்கம் எழுதியது இல்லாத ஒன்றைப் பற்றித்தான். தலைப்பு: நவீனக் கவிதையில் மௌனம். அதற்குப் பட்டம் கொடுத்தார்கள்.

இன்று உருவானவர்கள்: உப்பளத்தில் வேலை செய்யும் பூரணம். கோழிப்பண்ணை தவசிமுத்து. கீழத்தருவை ச. அலர்மேலு. இவளுக்கு இன்னும் தொழில் வைக்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

முதல் கட்டு வந்து சேர்ந்தது. பத்தொன்பது கடிதம் வாசித்தேன்.

ஒவ்வொரு கடிதத்தையும் முழுக்க வாசிக்க வேண்டும். பெயர், ஊர், யாருக்காகப் பாட்டு, அவர்கள் வீட்டில் எத்தனை பேர். அலர்மேலுவின் கடிதத்தில் 'பேசுவதில்லை' என்ற சொல்லுக்குப் பிறகு நான்கு விநாடி மௌனம் விட்டேன். வானொலியில் நான்கு விநாடி என்பது பெரிய நிலம். யாரும் விடமாட்டார்கள். நான் விட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பொறுப்பாளர் ஹெப்சிபா மேடம் கதவைத் திறந்தார்.

"என்னது உலகம்மா, நடுவுல மிஷின் நின்னுட்டுன்னு நெனச்சி ஓடியாந்தேன்."

"மௌனம் மேடம்."

"நல்ல மௌனம். எனக்கு பிரஷர் ஏறிட்டு."

ஜூன் 27, செவ்வாய்

இரண்டாம் வாரக் கணக்கு: நூற்று மூன்று. ஹெப்சிபா மேடம் தாளில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் கையால் சிலுவைக் குறி போட்டார். "கர்த்தர் இருக்காரு பாத்தியா" என்றார்.

பார்த்தேன் என்றேன்.

ஜூலை 1, சனி

விரல் வலி. எழுதி எழுதி வந்தது. மகிழ்ச்சியான வலி.

ஜூலை 5, புதன்

இன்று வாசித்த அலர்மேலுவின் கார்டைப் பதிவுக்காக இங்கே எடுத்து எழுதுகிறேன்.

'ஐயா, என் அப்பா ஒரு சிறிய கடை வைத்திருக்கிறார். பூட்டியபின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பூட்டையே நம்பாதவர் மகளை எப்படி நம்புவார்? நாங்கள் பேசி மூன்று மாதம் ஆகிறது. அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் போடுங்கள்.'

நல்ல கார்டு. எல்லாக் கார்டையும்விட நல்ல கார்டு. இதில் பிழை விட மறந்துவிட்டேன்.

மாலையில் கடைத்தெரு வழியாக வந்தேன். அப்பா கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஊசி, நூல், பொத்தான், ஜிப், லைனிங் துணி. முப்பது வருடமாக அதே கடை. மூன்று முறை இழுத்தார். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

எல்லா அப்பாக்களும் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். அலர்மேலு கற்பனை.

ஜூலை 11, செவ்வாய்

நேயர் மன்றச் செயலாளர் பால்வண்ணம் வந்தார். மாவு மில் வைத்திருக்கிறார். சட்டைக் காலரில் மிளகாய்த்தூள். முப்பது மைல் சுற்றளவில் வானொலிக்குக் கடிதம் எழுதும் எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும் என்பது அவருடைய பெருமை. மன்றத்துக்கு அடையாள அட்டை உண்டு. வருடாந்திரக் கூட்டம் உண்டு, அதில் கேசரி உண்டு.

"அறிவிப்பாளரம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"கீழத்தருவை அலர்மேலுன்னு ஒரு பிள்ள. கடிதாசி அருமையா எழுதுது. மன்றத்துல சேத்துக்கிடலாம்னு கார்டு அடிச்சிக்கிட்டு நேத்து வண்டிய எடுத்துக்கிட்டு போனேன்." பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அலர்மேலு, உறுப்பினர் எண் 212. "ஊர்ல மொத்தமே நாப்பது வீடு. அப்படி ஒரு பிள்ள இல்ல. பூரணம்னு ஒரு அம்மா? அவுகளும் இல்ல. கோழிப்பண்ணை தவசிமுத்து? ஏங்க, அந்தப் பக்கம் கோழியே இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். மூன்று பொய்கள் தயாராக இருந்தன. சொல்லவில்லை. அட்டையில் அவள் பெயரைப் பார்த்ததும் ஏதோ ஆயிற்று.

"நான்தான் எழுதுறேன்" என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

"வாரத்துக்கு எத்தன?"

"எழுபது."

"அடேயப்பா." குரலைத் தாழ்த்தினார். "நான் இருபத்தி நாலு."

புரியவில்லை.

"மன்றத்துல எல்லாரும் செல்போனுக்குப் போயிட்டாக. பேரு மட்டும் மன்றத்துல இருக்கு. நோட்டுல பேரு இருக்குல்லா, சும்மா விட மனசு வரல. ஆளுக்கு ஒண்ணா நானே எழுதிப் போடுதேன். நாலு வருசமாச்சி. நீங்க வாசிக்கும்போது அந்தப் பேரெல்லாம் உயிரோட இருக்க மாதிரி இருக்கும்." சிரித்தார். "ஆனா உங்க அலர்மேலு பக்கத்துல என் ஆளுக நிக்க முடியாது. அது வேற தரம்."

கை குலுக்கினோம். மிளகாய்த்தூள் ஒட்டியது.

ஜூலை 12, புதன்

கணக்கு. முப்பத்தொன்றில் இருபத்துநான்கைக் கழித்தால் ஏழு.

ஏழு பேருக்காக ஒரு ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. உப்பளத்துக்கு நடுவே, ஊருக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டரில், சிவப்பும் வெள்ளையுமாக.

சோர்வில்லை. பால்வண்ணமும் நானும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வடக்குக் கிராமங்கள் அவருக்கு, கடற்கரை எனக்கு. இனி இல்லாத கோழி பற்றி எழுத மாட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

காலையிலிருந்து காற்று. தெருவெல்லாம் மணல். ஸ்டுடியோவுக்குள் எதுவும் தெரியாது.

இருபத்திரண்டு கடிதம். கடைசியாக அலர்மேலு. 'அப்பா இன்று என் பெயரைச் சொன்னார். என்னிடம் இல்லை. அம்மாவிடம்.' அதன்பின் ஐந்து விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இதுவரை நான் செய்ததில் சிறந்தது.

அம்மா ஜன்னல் துணிகளைத் துவைத்துப் போடச் சொன்னாள். துவைத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தொம்மை. வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். வலது காலில் கட்டு. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, மேலே சைக்கிள் டியூப் வளையம் போட்ட ஒரு டிரான்சிஸ்டர்.

"இங்க மத்தியானம் பேசுற தங்கச்சி யாரு?"

"நான்தான்."

"நீங்கதானா." ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு விசயம் சொல்லணும். கோவிச்சிக்கிடக் கூடாது."

"சொல்லுங்க."

"பாட்டே போட மாட்டேங்கியளே. ஒரு மாசமா பேரா வாசிக்கிய. எம்மா, ரேசன் கடையில கூட இத்தன பேரு வாசிக்க மாட்டாக."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை அவர் வரிசையிலேயே எழுதுகிறேன்.

கரை தெரியாத நாட்கள் உண்டு. கச்சான் என்னும் மேல்காற்று கரையிலிருந்து மணலையும் புழுதியையும் கடலுக்குள் கொண்டுவந்து மூட்டமாக மப்பு கட்டிவிடும். ஐந்து கடல்மைலுக்கு மேல் போனால் போனில் சிக்னல் கோடு இருக்காது. திசை காட்டும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது, ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் அது முதலில் சாகும். அப்போது ரேடியோ. எங்கள் நிலையத்தை வைத்து, பெட்டியை மெல்லச் சுற்றுவார்கள். ஒரு இடத்தில் சத்தம் செத்துப்போகும். அந்த இடத்தில் பெட்டியின் முனை நேராகக் கோபுரத்தைக் காட்டும்.

"இன்னொரு முனை?" என்று கேட்டேன்.

"அது இலங்கையக் காட்டும். எது எதுன்னு காத்த வச்சித் தெரிஞ்சிக்கிடுவோம், அதுகூடத் தெரியலன்னா எதுக்கு தொழிலுக்குப் போவணும்?" பிறகு சொன்னார்: "இதுக்குப் பாட்டுதான் வேணும். பாட்டு விடாம ஓடும். அதனால செத்தா செத்ததுன்னு தெரியும். பேச்சு அப்படி இல்ல. பேசுறவுக மூச்சு வாங்குவாக, இருமுவாக, தண்ணி குடிப்பாக. அதனாலதான் ஒரு மணிக்குத் திரும்புறது. எல்லா வள்ளமும் அப்படித்தான். மத்த நேரத்துல நீங்க பாட்டு போடுறதில்லையே."

"வெள்ளிக்கிழமை?" என்றேன். நான் ஏன் அந்தக் கிழமையைக் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமதான். மூணு பேரு வள்ளத்துல. ரெண்டு மூணு தடவ சுத்திப் பாத்தோம். ஒவ்வொரு தடவையும் வேற வேற பக்கம் செத்துச்சி. காத்து இரைச்சல்ல ஒண்ணும் பிடிபடல. கடைசியில ஒரு பொண்ணு கடிதாசி வாசிச்சிய. அவ அப்பா பத்தி. எங்க மச்சான் கண்ணு கலங்கிட்டான். வாசிச்சிக்கிட்டே இருந்திய, சட்டுனு நல்லா செத்துச்சி. சுத்தமா. 'இதாம்ல கோபுரம்'னான் மச்சான். திருப்பினோம்."

"எங்க போனீங்க?"

"தெக்க ஏழு மைலு. பாரு, தண்ணிக்கடியில உள்ள பாறை. அதுல மோதிட்டோம். அடிப்பலகை போச்சி. எனக்கு இந்தா, காலு." கட்டைத் தட்டிக் காட்டினார். "உசுருக்கு ஒண்ணுமில்ல. மாதா புண்ணியம். சண்டைக்கு வரல தங்கச்சி. பாட்டு போடுங்க, அவ்வளவுதான். நல்ல பாட்டா இருக்கணும்னுகூட இல்ல."

எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் பொண்ணு அப்பா கூட பேசிட்டாளா?"

தெரியாது என்றேன்.

ஜூலை 19, புதன்

ஒலிபரப்புக் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஜூன் 9: பாட்டு இருபத்திரண்டு நிமிடம், பேச்சு எட்டு. ஜூலை 14: பாட்டு ஏழு நிமிடம் நாற்பது விநாடி. மீதி நான்.

இசையைக் காப்பாற்ற எழுதிய கடிதங்கள் இசையைத் தின்றிருக்கின்றன. சுற்றறிக்கை கேட்டதை நானே செய்து முடித்திருக்கிறேன், அவர்களைவிட வேகமாக.

கடிதம் எழுதாதவர்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் துடுப்பு இருப்பவன் பேனா எடுக்க மாட்டான்.

ஐந்து விநாடி. அதைக் கோபுரம் என்று நம்பித் திருப்பியிருக்கிறார்கள். கைக்கடிகாரம் பார்த்து எண்ணினேன் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. அங்கேயே இருக்கட்டும்.

ஜூலை 20, வியாழன்

ஹெப்சிபா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்வண்ணத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே காலையில் போனில் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டாராம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு வாரத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். சிலுவை வேற போட்டேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம் இருக்கு."

"நான் பொறுப்புன்னு எழுதித் தாறேன்."

"நீ எழுதாத. தயவுசெஞ்சி நீ இனிமே ஒண்ணும் எழுதாத." கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த கார்டுக் கட்டைப் புரட்டினார். ஒன்றை எடுத்து வாசித்தார். கீழே வைத்தார். "இந்த வாரத் தாள்ல என்ன போட?"

"ஏழு."

"ஏழுன்னே போடு. சென்னைக்கு நான் பேசுதேன். அந்த வள்ளக்காரரு நம்பர் இருக்கா?"

மேடம் பயப்படுவார் என்று நினைத்திருந்தேன். தவறு. இரண்டு வருடம் பக்கத்து அறையில் இருந்தும் ஆளைத் தெரியவில்லை.

ஜூலை 27, வியாழன்

சென்னையிலிருந்து அதிகாரி குமுதவல்லி வந்தார். நிகழ்ச்சியை மூடும் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கோப்பின் ஓரத்தில் அது தெரிந்தது. வெயிலுக்குத் தலையில் துப்பட்டா.

பன்னிரண்டு ஐம்பதுக்கு முற்றத்தில் நின்றோம். அதிகாரி, ஹெப்சிபா மேடம், தொம்மை, பால்வண்ணம். பால்வண்ணத்தை யாரும் அழைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்திருந்தார்.

ரேடியோவில் சென்னை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவர் முழங்கால் வலி பற்றிப் பேசினார்.

"கோபுரம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்றார் தொம்மை.

"தெரியாது. நேரா ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து வர்றேன்."

"நல்லது. சுத்துங்க."

அதிகாரி பெட்டியை இரண்டு கையிலும் பிடித்து மெல்லச் சுற்றினார். மருத்துவர் நிறுத்தினார். "இங்கயா?" மருத்துவர் தொடர்ந்தார். இன்னும் சுற்றினார். மருத்துவர் யோசித்தார். "இங்க?"

"அங்க கக்கூசு இருக்கு மேடம்" என்றார் பால்வண்ணம்.

ஒரு மணி ஆகப் போனது. நான் உள்ளே போய்க் கணினியில் ஏழு பாட்டுகளை இடைவெளி இல்லாமல் வரிசையாக வைத்தேன். மைக் தேவையில்லை. வெளியே வந்தேன். இரண்டு வருடத்தில் என் நிகழ்ச்சி ஓடும்போது நான் முற்றத்தில் நின்றது இதுவே முதல் தடவை.

பாட்டு தொடங்கியது. பழைய படப் பாட்டு. நிறைய வயலின். அதிகாரி சுற்றினார். வயலின் மெலிந்தது. இன்னும் கொஞ்சம். வயலின், தபலா, பாடகி எல்லாம் ஒன்றாக ஒரு குழிக்குள் இறங்கின. அவர் நின்றார். பெட்டியின் முனை மதில்மேல் இருந்த காக்கையைத் தாண்டி எதையோ காட்டியது.

"மாடிக்குப் போய்ப் பாருங்க" என்றார் தொம்மை.

போனோம். முனை காட்டிய இடத்தில், ஆறு கிலோமீட்டர் தூரத்தில், உப்பின் வெளிச்சத்துக்கு நடுவே சிவப்பும் வெள்ளையும்.

அதிகாரி மறுபடி கீழே போய், கண்ணை மூடிக்கொண்டு, தன்னைத்தானே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, திரும்பவும் தேடினார். திரும்பவும் அதே காக்கை.

"எத்தனை வள்ளம் இதை நம்பி இருக்கு?"

"எங்க துறையில நாப்பது. பக்கத்துத் துறையில எனக்குக் கணக்குத் தெரியாது. அவுக எங்களோட பேச மாட்டாக."

"யாருமே ஏன் ஒரு கடிதம் எழுதல?"

தொம்மைக்குக் கேள்வி புரியவில்லை. "எதுக்கு எழுதணும்? கேட்டுக்கிட்டுதான இருக்கோம்."

ஜூலை 31, திங்கள்

உத்தரவு வந்தது. 'பகல் மெட்டு' இனி பொழுதுபோக்கு வகையில் இல்லை, சேவை வகையில். கடிதக் கணக்கு பொருந்தாது. இருபத்தைந்து நிமிடம் இடையில் பேச்சு இல்லாமல் இசை. முதல் ஐந்து நிமிடம் மட்டும் அறிவிப்பும் கடிதமும். காலையில் ஒரு மணி நேரமும் இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம்.

எனக்குத் தனித் தாள். ஒரு வாரம் மைக் இல்லை. கண்டனம் கோப்பில் இருக்கும். நியாயம்.

பால்வண்ணத்துக்கு வருத்தம். "அஞ்சு நிமிசத்துல எத்தன பேரு வாசிப்பிய?"

"ஆறு பேர். உண்மையான பேரா இருந்தா."

"அப்ப மன்றத்த நான் நெசமாவே நடத்தணும் போலிருக்கே" என்றார். கடலோரத்துக்குக் கேசரியோடு போய் ஆள் சேர்க்கப் போகிறாராம். கேசரியைக் கண்டால் பக்கத்துத் துறைகூடப் பேசும் என்கிறார்.

அலர்மேலுவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "நம்பர் போட்டாச்சி. மாத்த முடியாது."

ஆகஸ்ட் 3, வியாழன்

அரிசி புடைத்தேன். மின்கட்டண வரிசையில் நின்றேன். மைக் இல்லாத வாரம் நன்றாகத்தான் இருக்கிறது.

சாப்பாட்டின்போது அப்பா அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா கேக்காக. ரேடியோவுல அலர்மேலுன்னு ஒரு பிள்ள எழுதுமாமே. அது ஏன் இப்ப எழுதலன்னு."

கடையில் ரேடியோ இருப்பது எனக்குத் தெரியும். அது ஓடுவது தெரியாது.

"தெரியலன்னு சொல்லு" என்றேன்.

அம்மா சொல்லவில்லை. அவருக்கே கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நேற்று மைக்குக்குத் திரும்பினேன். நேற்றுப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்று காலைத் தபாலில் ஐந்து கார்டு. நான்கு கடற்கரையிலிருந்து. கேசரி வேலை செய்கிறது.

ஐந்தாவது உள்ளூர் முத்திரை. நீல மை. அடியில் இருந்த பெயரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 'ழ'வின் வால் கீழ்வரியைத் தொடும் அந்த எழுத்தில்தான் எங்கள் வீட்டில் பால்காரர் கணக்கு, என் பள்ளி விடுப்புக் கடிதங்கள், ஜிப் அட்டைகளின் மேல் அளவு.

கார்டை எடுத்துக்கொண்டு ஹெப்சிபா மேடத்திடம் போனேன். "இத வாசிக்கலாமா? இது உண்மையான கடிதமா இல்லையான்னு எனக்குத் தெரியல." அவர் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். திருப்பித் தந்தார்.

"போய் மூஞ்ச கழுவிட்டு வாசி" என்றார்.

ஒரு மணி. நான்கு கார்டை வாசித்தேன். ஐந்தாவதை வாசித்தேன். சாதாரணக் குரலில், எங்கும் நிறுத்தாமல்:

'ஐயா, கீழத்தருவை அலர்மேலு என்னும் நேயர் சில வாரமாக எழுதவில்லை. நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். அவருக்கு ஒரு விளக்கம். பூட்டை மூன்று முறை இழுப்பது நம்பிக்கை இல்லாமல் அல்ல. அது பழைய பூட்டு. முதல் இரண்டு இழுப்பில் கொக்கி விழாது. மூன்றாவதில் விழுந்துவிடும். அதன்பின் இழுப்பதில்லை. பிடித்த பாட்டு என்று எதுவும் இல்லை. மகள் போடுவது எதுவானாலும் சரி. இப்படிக்கு, அலர்மேலுவின் அப்பா.'

ஒன்று ஐந்து. பாட்டைத் தொடங்கினேன். மைக்கை அணைத்தேன். இருபத்தைந்து நிமிடம் யாரும் பேசவில்லை.